66-ஐ 100 ஆக்கிய வருடம்: 1998இல் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் கட்டிய கதை

(ஒலி வடிவில் வெளியான எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

போன மாசம் ஒரு நேயர் குரல் செய்தி அனுப்பியிருந்தார். "அண்ணா, முதல் தடவையா சொந்தமா ஒரு கேமிங் பிசி அசெம்பிள் பண்ணப் போறேன். பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசு. பிராசஸருக்கு அதிகம் போடறதா, கிராஃபிக்ஸ் கார்டுக்கு அதிகம் போடறதா? மதர்போர்டுல மிச்சம் பிடிக்கலாமா?" இதுதான் கேள்வி. சரித்திரம் பேசுற இடத்துல வந்து மதர்போர்டு கேட்கிறாரேன்னு முதல்ல சிரிப்பு வந்தது. அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, இந்தக் கேள்விக்கே ஒரு சரித்திரம் இருக்கு.

நாம யாரும் ஃபிரிட்ஜ் வாங்கும்போது கம்ப்ரஸரை ஒரு கடையிலும் கதவை இன்னொரு கடையிலும் வாங்கறதில்லை. டிவி, பைக், செல்போன் எதையும் அப்படி வாங்கறதில்லை. கம்ப்யூட்டரை மட்டும் பத்து கம்பெனிகளோட பத்துத் துண்டுகளாக வாங்கி, வீட்டுல ஒரு ஸ்க்ரூ டிரைவரோட உட்கார்ந்து மாட்டிவிடலாம்னு நினைக்கிறோம். அந்த உரிமை எங்கிருந்து வந்தது? யாரும் தானம் கொடுத்ததில்லை. பாதி விபத்து, பாதி சண்டை. அதை முழுசாகப் பயன்படுத்திக்கொண்ட ஒரு வருடம் உண்டு, 1998. இன்னைக்கு அதைப் பத்தித்தான் அதிகம் பேசப்போறேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னால போயாகணும்.

1981 ஆகஸ்ட் 12. ஐபிஎம் தன்னுடைய பிசியை அறிவித்தது. மாடல் எண் 5150, ஆரம்ப விலை 1,565 டாலர். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் போகா ரடோன் என்ற ஊரில் ஒரு சின்னக் குழு செய்த வேலை அது. குழுவை நடத்தியவர் டான் எஸ்ட்ரிட்ஜ். ஐபிஎம்மின் வழக்கப்படி எல்லாப் பாகத்தையும் உள்ளேயே வடிவமைத்தால் பல வருடம் ஆகும். இவர்களுக்குக் கிடைத்ததோ சுமார் ஒரு வருடம். அதனால் கடையில் கிடைக்கிற சரக்கை எடுத்துக்கொண்டார்கள். பிராசஸர் இன்டெலுடைய 8088, மென்பொருள் மைக்ரோசாஃப்டிடமிருந்து. உள்ளே ஐந்து ஸ்லாட்டுகள், யார் வேண்டுமானாலும் கார்டு செய்து சொருகலாம். அதுக்கும் மேல, சர்க்யூட் படங்களையும் பயாஸ் நிரலையும் அச்சிட்டு ஒரு கையேடாகவே விற்றார்கள். மற்றவர்கள் கார்டு செய்யட்டும், மெஷினை நாம் விற்போம் என்பது கணக்கு.

கணக்கு ஒரு வருடத்திலேயே உடைந்தது. 1982இல் தொடங்கிய காம்பேக், ஐபிஎம்மிடம் மட்டுமே இருந்த ஒரே பொருளான பயாஸைத் திருடாமலே திரும்ப எழுதியது. ஒரு குழு ஐபிஎம்மின் நிரலைப் படித்து, அது என்னென்ன வேலை செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுக்கும். அந்த நிரலைக் கண்ணாலேயே பார்க்காத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக எழுதும். கோர்ட்டுக்குப் போனாலும் நிற்கும். 1983இல், விற்பனை நடந்த முதல் வருடத்திலேயே, காம்பேக் 111 மில்லியன் டாலருக்கு வியாபாரம் செய்தது. அடுத்த வருடம் ஃபீனிக்ஸ் என்ற கம்பெனி இதே மாதிரி பயாஸ் எழுதி, கேட்கிற எல்லோருக்கும் விற்க ஆரம்பித்தது. அதோடு கதவு முழுசாகத் திறந்துகொண்டது. தைவானில் போர்டு அடிக்கிற சின்னக் கம்பெனிகூட ஒரு பிசி செய்ய முடியும் என்ற நிலை வந்தது.

ஐபிஎம் சும்மா இருக்கவில்லை. 1987இல் பிஎஸ்/2 என்ற வரிசையில் மைக்ரோ சேனல் என்ற புது ஸ்லாட்டைக் கொண்டுவந்தது. பழைய கார்டு இதில் ஏறாது. செய்ய வேண்டுமானால் ஐபிஎம்முக்கு உரிமத் தொகை கட்டணும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் மைக்ரோ சேனல் நல்ல சரக்குதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா காம்பேக் தலைமையில் ஒன்பது கம்பெனிகள் 1988இல் ஒன்று சேர்ந்து, பழைய கார்டும் ஏறுகிற மாதிரி ஒரு போட்டி ஸ்லாட்டை அறிவித்தன. ஐபிஎம் தோற்றது. அன்னைக்கு அது ஜெயிச்சிருந்தா இந்த நேயர் இன்னைக்கு என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். கடையில் போய் "ஐபிஎம்மா, வேற ஏதாவதா" என்று மட்டும் கேட்டிருப்பார்.

அதற்குப் பிறகு வடிவத்தைத் தீர்மானித்தது இன்டெல். 1992இல் பிசிஐ, 1995இல் ஏடிஎக்ஸ். ஏடிஎக்ஸ் என்பது வெறும் அளவுதான். போர்டில் துளை எங்கே, பவர் ஒயர் எப்படி, பின்பக்கம் சாக்கெட்டுகள் எங்கே என்பதுதான் விஷயம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அதற்கு முந்தைய ஏடி வகை போர்டுகளில் பவர் சப்ளையிலிருந்து இரண்டு கனெக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும். இடம் மாற்றிச் சொருகினால் போர்டு போச்சு. "கறுப்பு ஒயர் ரெண்டும் நடுவுல சேர்ந்து இருக்கணும்" என்பது அசெம்பிள் பண்ணுகிற பையன்கள் கற்றுக்கொள்ளும் முதல் பாடம். ஏடிஎக்ஸ் வந்தபின் ஒரே கனெக்டர், அதுவும் ஒரு பக்கம்தான் ஏறும். பயம் போனதும், தொழில் தெரியாதவர்கள்கூட மாட்டத் துணிந்தார்கள்.

சரி, இப்போ 1998க்கு வரலாம்.

அந்தக் காலத்தில் விளையாட்டுக்காகக் கம்ப்யூட்டர் கட்டுகிறவனை ஆட்டிவைத்த கேம் ஒன்று உண்டு, க்வேக். ஐடி சாஃப்ட்வேர் 1996 ஜூனில் வெளியிட்டது. அதுவரை கேம்கள் பெரும்பாலும் முழு எண் கணக்கில் ஓடும். க்வேக் தசம எண் கணக்கை, அதாவது ஃபுளோட்டிங் பாயின்ட்டை, நம்பி எழுதப்பட்டது. அதுவும் இன்டெல் பென்டியத்தின் உள்ளமைப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வகுத்தல் ஒரு பக்கம் ஓடும்போதே மற்ற வேலை இன்னொரு பக்கம் ஓடும்படி செதுக்கியிருந்தார்கள். சைரிக்ஸ் என்ற கம்பெனி அப்போ 6எக்ஸ்86 என்ற பிராசஸரை விற்றுக்கொண்டிருந்தது. 133 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப்புக்கு "பி166+" என்று பெயர் வைத்தார்கள். பென்டியம் 166க்கு நிகர் என்று அர்த்தம். ஆபீஸ் வேலையில் அது உண்மைதான். க்வேக் போட்டதும் சாயம் வெளுத்தது. கணக்கெழுதுகிறவருக்கு நல்ல சிப், விளையாடுகிறவனுக்கு மோசமான சிப். எந்த பிராசஸர் நல்லதுன்னு பொதுவாகக் கேட்டால் அர்த்தமே இல்லை, எதை ஓட்டப்போற என்று திரும்பக் கேட்கணும். இந்தப் புத்தி வாங்குகிறவர்களுக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்து கிராஃபிக்ஸ். 3டிஎஃப்எக்ஸ் என்ற கலிஃபோர்னியாக் கம்பெனி 1996இல் வூடூ என்ற சிப்பைக் கொண்டுவந்தது. விசித்திரமான பொருள் அது. டெஸ்க்டாப்பைக் காட்டவே தெரியாது! வேர்டு, எக்ஸெல் பார்க்க ஏற்கெனவே உள்ள சாதாரண கார்டு வேணும். அதிலிருந்து ஒரு குட்டி கேபிள் வூடூவுக்கு வரும், வூடூவிலிருந்து மானிட்டருக்குப் போகும். கேம் தொடங்கியதும் வூடூ திரையைக் கைப்பற்றிக்கொள்ளும். 1997 ஜனவரியில் ஜிஎல்க்வேக் வந்தது. அதுவரை புள்ளி புள்ளியாகத் தெரிந்த சுவர்கள் வழுவழுவென்று ஆகிவிட்டன. 1998 தொடக்கத்தில் வூடூ2. 12 எம்பி கார்டின் விலை அமெரிக்காவில் 299 டாலர். பணக்காரப் பையன்கள் இரண்டு கார்டு வாங்கி ஜோடியாகப் போட்டார்கள், ஒரு கார்டு ஒற்றைப்படை வரிகளையும் இன்னொன்று இரட்டைப்படை வரிகளையும் வரையும். ஒரு கார்டில் 800க்கு 600 என்று இருந்த திரை அளவு, இரண்டில் 1024க்கு 768 ஆகும்.

இப்போ பிராசஸர் கதை. இங்கதான் நான் கொஞ்சம் நின்னு பேசணும்.

1998இல் இன்டெலுக்கு ஒரு தலைவலி. ஆயிரம் டாலருக்குக் கீழே விற்கிற கம்ப்யூட்டர்கள் பெருகிக்கொண்டிருந்தன. அவற்றில் ஏஎம்டி, சைரிக்ஸ் சிப்புகள் உட்கார்ந்துகொண்டன. ஏஎம்டிக்கு இந்தத் தொழிலில் நுழைய வழி கிடைத்ததே பழைய ஐபிஎம் காலத்தில்தான். ஒரே கம்பெனியை நம்பி இருக்கக்கூடாது, இன்னொருத்தரும் அதே சிப்பைச் செய்யணும் என்பது ஐபிஎம்மின் நிபந்தனை. இன்டெல் ஏஎம்டிக்கு உரிமம் கொடுத்தது. பின்னால் இருவரும் பல வருடம் கோர்ட்டில் மோதிக்கொண்டது தனிக் கதை.

கீழ்த்தட்டுச் சந்தையைப் பிடிக்க இன்டெல் 1998 ஏப்ரலில் செலரான் என்ற பெயரில் ஒரு சிப் விட்டது, 266 மெகாஹெர்ட்ஸ். பென்டியம் 2-இல் இருந்த இரண்டாம் நிலை கேஷ் நினைவகத்தை அப்படியே உருவிவிட்டு, மிச்சத்தை மலிவு விலையில் கொடுத்தார்கள். கேஷ் இல்லாத பிராசஸர் என்பது மேஜையே இல்லாத குமாஸ்தா மாதிரி. ஒவ்வொரு தாளுக்கும் எழுந்து பீரோவுக்கு ஓடணும். விமர்சகர்கள் கிழித்துப் போட்டார்கள்.

இன்டெல் நான்கே மாதத்தில் திருத்திக்கொண்டது. ஆகஸ்ட் 24, 1998. செலரான் 300ஏ வந்தது. இந்த முறை 128 கேபி கேஷ் உண்டு, அதுவும் பிராசஸர் சிப்பின் உள்ளேயே, அதே வேகத்தில் ஓடியது. அதே நாளில் பென்டியம் 2 வரிசையில் 450 மெகாஹெர்ட்ஸ் சிப்பும் வந்தது. அதில் 512 கேபி கேஷ். ஆனால் அது தனிச் சிப்பாக வெளியே இருந்தது, பாதி வேகத்தில்தான் ஓடும். மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு இன்டெல் வைத்த விலை, செலரான் 149 டாலர், பென்டியம் 669 டாலர். அப்போ டாலர் சுமார் 42 ரூபாய், கணக்குப் போட்டுக்கோங்க.

ஒரு பிராசஸரின் வேகம் என்பது இரண்டு எண்களின் பெருக்கல். போர்டு கொடுக்கிற பஸ் வேகம் ஒன்று, சிப்புக்குள் இருக்கிற பெருக்கு எண் ஒன்று. 300ஏவுக்கு 66 மெகாஹெர்ட்ஸ் பஸ், பெருக்கு எண் 4.5. பெருக்கினால் 300. பெருக்கு எண்ணை இன்டெல் பூட்டி வைத்திருந்தது. பூட்டியதற்கு ஒரு நியாயமும் இருந்தது. அந்தக் காலத்தில் வேகம் குறைந்த சிப்பின் மேலே இருக்கும் எழுத்தைச் சுரண்டிவிட்டு, அதிக வேகத்தை அச்சடித்து விற்கிற கும்பல்கள் உலகமெங்கும் இருந்தன. வாங்குகிறவருக்குக் கண்டுபிடிக்க வழியே கிடையாது, கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் காரணமே இல்லாமல் நிற்கும். அதைத் தடுக்கத்தான் பூட்டு என்றது இன்டெல். அப்படியே, மலிவு சிப்பை வாங்கி விலையுயர்ந்த சிப்பாக ஓட்டுகிறவர்களையும் தடுக்கும் அல்லவா? ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

ஆனா பூட்டியது ஒரு கதவைத்தான். பஸ் வேகம் போர்டின் கையில் இருந்தது. அதே வருடம் ஏப்ரலில் இன்டெலே 440பிஎக்ஸ் என்ற சிப்செட்டைக் கொண்டுவந்திருந்தது, பென்டியம் 2க்காக 100 மெகாஹெர்ட்ஸ் பஸ் கொடுக்கக்கூடியது. 300ஏவை இந்த போர்டில் சொருகி, 66-ஐ 100 ஆக்கினால்? நூறை நாலரையால் பெருக்கினால் 450. 669 டாலர் சிப்பின் வேகம் 149 டாலர் சிப்பில். அதுவும் கேஷ் முழு வேகத்தில் ஓடுவதால், கேம்களில் பென்டியத்தோடு தோளோடு தோள் நின்றது. எல்லாச் சிப்பும் இதைத் தாங்கவில்லை. ஆனா பல தாங்கின, ஏனென்றால் உற்பத்தி அந்தளவுக்குத் தேறியிருந்தது. 450க்குத் தகுதியான சிலிக்கானை 300 என்று முத்திரை குத்தி விற்றுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அது ஏன் குறிப்பாக 100? 75, 83 என்றும் சில போர்டுகளில் வைக்கலாமே? இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பஸ் வேகத்திலிருந்துதான் மற்ற ஸ்லாட்டுகளின் வேகமும் வகுத்து எடுக்கப்படுகிறது. பிசிஐ 33இல் ஓடணும், கிராஃபிக்ஸ் ஸ்லாட்டான ஏஜிபி 66இல் ஓடணும். பஸ் 66 என்றால் பிசிஐக்கு இரண்டால் வகுப்பார்கள். 100 என்றால் மூன்றால் வகுப்பார்கள், அப்பவும் 33தான். 83 வைத்தால்? இரண்டால் வகுத்து 41 வரும். கார்டு தடுமாறும், ஹார்டு டிஸ்கில் எழுதின ஃபைல்கள் கெடும். ஆக 83இல் 375 மெகாஹெர்ட்ஸ் ஓட்டுவதைவிட 100இல் 450 ஓட்டுவது மற்ற பாகங்களுக்குப் பாதுகாப்பானது. தலைகீழாகத் தெரியும், ஆனா அதுதான் உண்மை.

அபிட் என்ற தைவான் கம்பெனியின் பிஎச்6 போர்டு இதற்காகவே பிறந்த மாதிரி இருந்தது. மற்ற போர்டுகளில் ஜம்பர்களைப் பிடுங்கி மாட்டணும். இதில் பயாஸ் திரையிலேயே பஸ் வேகத்தையும் வோல்டேஜையும் தேர்ந்தெடுக்கலாம். அந்த வசதி இல்லாத போர்டு வைத்திருந்தவர்கள், பிராசஸர் விளிம்பில் பி21 என்ற ஒரே ஒரு பின்னை மெல்லிய டேப்பாலோ நகப்பூச்சாலோ மறைத்தார்கள். போர்டு அதைப் பார்த்து, "ஓ, இது 100 மெகாஹெர்ட்ஸ் சிப்" என்று நம்பிவிடும். அக்காவின் நெயில் பாலிஷ் ஐநூறு டாலர் மிச்சம் பண்ணிக்கொடுத்தது என்று சொன்னால் மிகையில்லை.

இந்தச் செய்தி பரவினது எப்படி? பத்திரிகைகள் வழியாக இல்லை. டாம்ஸ் ஹார்டுவேர் 1996இல் தொடங்கியிருந்தது. 1997 ஏப்ரலில் ஆனந்த் லால் ஷிம்பி என்ற 14 வயதுப் பையன் தொடங்கிய தளம் ஆனந்த்டெக். பள்ளிக்கூடம் போய்க்கொண்டே மதர்போர்டுகளைச் சோதித்து எழுதியவர். அந்தத் தளம் 27 வருடம் நடந்து, 2024 ஆகஸ்டில்தான் மூடப்பட்டது. எந்த நாட்டில் பேக் செய்த சிப், எந்த வாரத்துச் சிப் என்று ஜாதகம் பார்க்கிற மாதிரி பார்த்து வாங்கினார்கள். மலேசியச் சரக்கா, கோஸ்டாரிக்கா சரக்கா என்று கடைக்காரரிடம் கேட்டால் அவர் முறைப்பார்.

நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். 1997இல் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. கம்ப்யூட்டர் பாகங்கள் மேல் இருந்த இறக்குமதி வரி படிப்படியாகக் குறையத் தொடங்கிய காலம். சென்னை ரிச்சி தெருவில் ரேடியோ பாகம், டிவி பாகம் விற்ற கடைகளுக்கு நடுவே ரேமும் ஹார்டு டிஸ்கும் கண்ணாடி அலமாரியில் ஏறின. கம்பெனி மெஷின் வாங்க முடியாத வீடுகளுக்கு "அசெம்பிள்டு சிஸ்டம்"தான் வழி. கடையில் ஒரு தாள் தருவார்கள், கொட்டேஷன். பிராசஸர், மதர்போர்டு, ரேம், ஹார்டு டிஸ்க், மானிட்டர், கேபினெட் என்று வரிசையாக எழுதி, கீழே கூட்டுத்தொகை. பில்லோட ஒரு விலை, பில் இல்லாம ஒரு விலை.

1999 ஜனவரியில் எங்க சித்தப்பா அப்படி ஒரு தாளோட வீட்டுக்கு வந்தார். அவர் பையன் பிளஸ் ஒன். படிப்புக்குன்னு சொல்லிக் கேட்டது, உண்மையில் எதுக்குன்னு எனக்கும் தெரியும், சித்திக்கும் தெரியும். ஆபீஸ் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டிருந்தார், மூணு வருஷம் சம்பளத்தில் பிடிப்பாங்க. நான் அப்போ காலேஜ் முதல் வருடம். "நீயும் வா, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றார். தாளில் "செலரான் 300ஏ" என்று சரியாக எழுதியிருந்தது. அடுத்த வரி, "மதர்போர்டு - இன்டெல் சிப்செட்". அவ்வளவுதான்.

கடையில் போய் நான் கேட்டேன், "அண்ணே, இது எல்எக்ஸா, பிஎக்ஸா?"

"ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. ரெண்டுலயும் செலரான் ஓடும்."

பொய் இல்லை. இரண்டிலும் ஓடும். ஆனா 440எல்எக்ஸ் 66ஐத் தாண்டாது. அதை வாங்கினால் அந்தச் சிப் ஆயுசுக்கும் 300தான். பின்னால் பென்டியம் வேகமான சிப் மலிவானாலும், 100 மெகாஹெர்ட்ஸ் பஸ் கேட்கும், அதுவும் சரியாக ஓடாது. பிஎக்ஸ் வேணும் என்றதும் விலை ஏறியது. சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் தாளில் பேனாவை வைத்து, 17 அங்குல மானிட்டரை 15 ஆக்கினேன், கார்டை எல்லோரும் வாங்குகிற மலிவான சிஸ் 6326 ஆக்கினேன், ரேமை 64இலிருந்து 32 எம்பியாக்கி, ஆனா 100 மெகாஹெர்ட்ஸ் ரேமாகத்தான் வேணும் என்றேன். மானிட்டர், கார்டு, ரேம் எல்லாம் பின்னால் மாற்றலாம். போர்டை மாற்றுவது என்றால் வீட்டை இடித்துக் கட்டுகிற வேலை. தம்பிக்காரன் முகம் தொங்கிப்போச்சு, அவன் கேட்டது வூடூ2.

அந்த மெஷின் 450இல் ஓடியது. பிப்ரவரி, மார்ச் வரைக்கும் ராஜா மாதிரி. அக்னி நட்சத்திரம் வந்ததும், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல கேம் நடுவுல உறைஞ்சு நிற்கும். அமெரிக்காவில் எழுதுகிறவர்கள் 22 டிகிரி அறையில் உட்கார்ந்து சோதித்தவர்கள். எங்க சித்தி வீட்டு முன்னறை மே மாதத்தில் 38ஐத் தொடும். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தான். வெயில் காலத்தில் 300, மழைக்காலத்தில் 450 என்று பயிர்ச் சாகுபடி மாதிரி ஓட்டினான். இன்னைக்கும் நம்ம ஊரில் கட்டுகிறவர்கள் வெளிநாட்டு வீடியோவில் பார்த்த வெப்பநிலையை அப்படியே நம்பக்கூடாது, நம்ம அறையின் பத்துப் பதினைந்து டிகிரியைக் கூட்டிக்கணும்.

ரேமை ஏற்றிக்கொள்ளலாம் என்று செப்டம்பரில் காசு சேர்த்துக்கொண்டு போனான். 1999 செப்டம்பர் 21ஆம் தேதி தைவானில் பெரிய நிலநடுக்கம். இரண்டாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். சிப் தொழிற்சாலைகளில் மின்சாரம் போனது. உலகம் பூராவும் ரேம் விலை எகிறியது. எங்கேயோ நடந்த பேரழிவு, ரிச்சி தெருவில் ஒரு பையன் கையிலிருந்த காசைப் பாதியாக்கிவிட்டது. இது முதல் தடவையும் இல்லை, கடைசித் தடவையும் இல்லை. 1993இல் ஜப்பானில் ஒரு ரசாயன ஆலையில் தீப்பிடித்தபோதும் ரேம் விலை ஏறியது. 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்டு டிஸ்க் விலை ஏறியது. 2021இல் கிரிப்டோ தோண்டுகிறவர்கள் கிராஃபிக்ஸ் கார்டுகளைச் சுருட்டிக்கொண்டார்கள். இப்போ செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் ரேமை விழுங்குகின்றன. முதல் தடவை கட்டுகிறவர் "கொஞ்சம் பொறுத்தா விலை குறையும்" என்று எப்பவுமே கணக்குப் போட முடியாது.

நேயர் கேள்விக்கு இப்போ என் பதில். கேமுக்கு என்றால் காசில் பெரிய பங்கு கிராஃபிக்ஸ் கார்டுக்குத்தான், அது வூடூ காலத்திலேயே முடிவான விஷயம். ஆனா போர்டில் மிச்சம் பிடிக்கிறதுக்கு முன்னாடி, அந்தச் சாக்கெட் இன்னும் எத்தனை வருடம் உயிரோட இருக்கும் என்று பாருங்க. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் 2017இல் முதல் ரைசன் போட்டவர்களில் பலர், பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு 2022இல் வந்த 5800எக்ஸ்3டியை அதே போர்டில் சொருகினார்கள். அதுதான் லாபம். இன்னொன்று, பவர் சப்ளை. 2002, 2003 வாக்கில் மட்டமான கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்து, உலகம் பூராவும் ஆயிரக்கணக்கான போர்டுகள் செத்தன. அபிட் போர்டுகளும் அதில் உண்டு. வெளியே தெரியாத ஒரு சின்னப் பாகத்தில் யாரோ எங்கேயோ மிச்சம் பிடித்ததன் விளைவு. அதனால கேபினெட்டோடு இலவசமாக வருகிற பவர் சப்ளையை மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

300ஏ மாதிரி ஒன்று இனி வருமா என்று கேட்பீங்க. எனக்கு நம்பிக்கை இல்லை. இன்டெல் பாடம் கற்றுக்கொண்டது. 2011இல் சாண்டி பிரிட்ஜ் வந்தபோது பஸ் வேகத்தையும் கிட்டத்தட்ட அசைக்க முடியாதபடி கட்டிவிட்டார்கள். பூட்டாத சிப் வேணுமா? பெயருக்குப் பின்னால் "கே" என்ற எழுத்து உள்ளதை அதிக விலை கொடுத்து வாங்கு. நெயில் பாலிஷில் கிடைத்தது விலைப்பட்டியலில் ஏறிவிட்டது.

3டிஎஃப்எக்ஸ் என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டேனே. அவர்கள் சிப் மட்டும் செய்து, பல கம்பெனிகளுக்கு விற்றார்கள். அந்தக் கம்பெனிகள் போட்டி போட்டுக் கார்டு செய்தன. 1998 டிசம்பரில், இனி கார்டையும் நாமே செய்வோம் என்று எஸ்டிபி என்ற கம்பெனியை வாங்குவதாக அறிவித்தார்கள். அதுவரை அவர்கள் சிப்பை விற்றுக்கொடுத்த கம்பெனிகள் நேராக என்விடியாவிடம் போய்விட்டன. மைக்ரோ சேனல் கதைதான், பத்து வருடம் கழித்து. கூடவே என்விடியா வேகமாகப் புதுச் சிப்புகளை இறக்கிக்கொண்டே இருந்தது, இவர்கள் தாமதித்துக்கொண்டே இருந்தார்கள். 2000 டிசம்பரில் கம்பெனியின் சொத்துகளை என்விடியாவுக்கே விற்பதாக அறிவிப்பு வந்தது. அந்த வருடம்தான் வூடூ5 வாங்கியிருந்தவர்களுக்கு, அடுத்த வருடம் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு டிரைவர் எழுத ஆள் இல்லை. ரசிகர்களே உட்கார்ந்து பழைய டிரைவரைத் திருத்திப் பரிமாறிக்கொண்டார்கள். இரண்டு கார்டு ஜோடி போடுகிற அந்த உத்தியின் பெயரை, எஸ்எல்ஐ என்பதை, 2004இல் என்விடியா தன் கார்டுகளுக்கு எடுத்துக்கொண்டது. எழுத்து அதே மூன்றுதான், விரிவாக்கத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

எங்க தம்பி ஒரு வழியாக 2001இல் ஒரு வூடூ2 வாங்கினான், பழசு, ரிச்சி தெருவிலேயே. அப்போ அதை யாரும் சீண்டவில்லை. அதே பிஎக்ஸ் போர்டில் போய் உட்கார்ந்தது.